பத்து நாளைக்கு வேண்டிய அரிசி

கொசுவலை கட்ட அடித்திருந்த ஆணிகள் நான்கையும் அவள் சுவரிலிருந்து பிடுங்கினாள். கையில் சுத்தியல் இல்லை. கரண்டிக் காம்பை ஆணித் தலைக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். ஒவ்வொன்றாக வந்தது. வளைந்துபோன ஒன்றைத் தரையில் வைத்துக் கல்லால் தட்டி நேராக்கி, நான்கையும் ஒரு துணியில் முடிந்து மூட்டைக்குள் செருகினாள். நான் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பரவாயில்லையே, சிக்கனமான பெண் என்று மனதுக்குள் மெச்சிக்கொள்ளவும் செய்தேன். பத்து நாளில் திரும்பி வரப்போகிறவள் எதற்காக ஆணியைப் பிடுங்குகிறாள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. இது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் பக்கத்து வீட்டில் யாராவது ஆணி நெம்புகிற சத்தம் கேட்டால் கைவேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததில் என் பங்கு சின்னதில்லை. நான் காரைக்கால்காரி. கணவருக்கு, சைகோனை ஒட்டின பின் யுவோங் என்கிற ஊரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை கிடைத்து சைகோனுக்கு வந்தோம். ஊருக்குப் பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தும் சந்தையிலும் தெருவிலும் எல்லோர் வாயிலும் சைகோன்தான். அவர் விடியும்முன் கம்பெனி பஸ்ஸில் போனால் இருட்டின பிறகுதான் வருவார். முதல் மாவட்டத்தில் மூன்றாம் மாடி வீட்டில் நாள் முழுக்க நான் தனி. பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி வேறு. மோட்டார் சைக்கிள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, எதிர்ப் பக்கத்துக் கடைக்குப் போகாமலே ஒரு மாதத்தை ஓட்டினவள் நான். போலீஸ் சட்டையைக் கண்டால் என் விசா சரியாக இருக்கிறதா என்று கைப்பையைத் தடவிப் பார்ப்பேன்.

மதாமை முதன்முதலில் பார்த்தது சந்தையில். புளி விலையைக் கேட்டுவிட்டு, பகல் கொள்ளையாக இருக்கிறதே என்று எனக்குள் முணுமுணுத்தேன். பக்கத்தில் பூப்போட்ட சட்டையும் அதே துணியில் கால்சட்டையும் போட்டிருந்த வியட்நாமியப் பெண்மணி ஒருவர் கீரையை ஆய்ந்து பார்த்தபடியே, "பாதி வெலைக்குக் கேளுங்க, குடுப்பா" என்றார். காரைக்கால் தமிழ். என் கையிலிருந்த கூடை நழுவிவிட்டது. அவருடைய அப்பா எங்கள் ஊர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் இங்கே கோர்ட்டு குமாஸ்தாவாக வந்து, வியட்நாமியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, இங்கேயே மண்ணானவர். அப்பா பேசின தமிழை மகள் அப்படியே வைத்திருந்தார். ஆமாம் என்பதற்கு மட்டும் 'வுய்' என்பார். ஐம்பதை நெருங்கிய வயது, ஒட்ட வெட்டின தலைமுடி. எல்லோரும் அவரை மதாம் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு நான் தங்கச்சி.

காரைக்காலில் பிரெஞ்சு படித்த புண்ணியம், அடுத்த வாரமே அவருடைய கடிதங்களை எழுதிக்கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. நான்காம் மாவட்டத்தில் ஒரு சந்துக்குள் ஒல்லியான மூன்று மாடி வீடு. ஆறு அறை, ஆறு குடும்பம். எல்லாம் நடைபாதையிலும் பாலத்தடியிலும் படுத்துக் கிடந்தவர்கள். பாரிஸிலிருந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் கிளையாக அந்த வீடு நடந்தது. அனுமதிப் பத்திரம் அவர்கள் பெயரில், நடத்துவது மதாம். அந்த ஊரில் ஒரு குடும்பத்துக்கு வீடு இல்லாமல் போவது கூரை இல்லாததால் மட்டுமில்லை. குடும்பப் பதிவுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. அதில் பெயர் இருந்தால்தான் நீங்கள் இன்ன முகவரியில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கலாம், நல்ல வேலைக்குப் போகலாம். போர் முடிந்த பிறகு காட்டை வெட்டி விவசாயம் செய்ய வெளியே அனுப்பப்பட்டவர்கள் பலர், அங்கே பிழைக்க முடியாமல் திரும்பி வந்தபோது ஊர்ப் புத்தகத்தில் அவர்கள் பெயர் இல்லை. அவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் மதாமிடம் வந்தவர்களில் பாதிப்பேர்.

மதாமுக்கு ஒரு கொள்கை இருந்தது. வந்தவர்களிடம் பழைய கதை கேட்கக் கூடாது. எங்கே இருந்தாய், உன் அப்பா யார், ஏன் தெருவுக்கு வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார், என்னையும் கேட்கவிடமாட்டார். இந்த ஊரில் கதை கேட்கிறவன் எல்லாம் எழுதிக்கொள்வதற்காகத்தான் கேட்பான், நாம் கேட்காமல் இருப்போம் என்பார். எனக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது. மரியாதைதான். ஆனால் அதனாலேயே, யாருக்குள் என்ன பயம் உட்கார்ந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாமல் போனது.

ஆணி பிடுங்கினவளை நாங்கள் சீட்டக்கா என்போம். லாட்டரிச் சீட்டு விற்பவள், முப்பது வயதுக்குள் இருப்பாள். இரண்டு பெண்கள். பெரியவளுக்கு ஒன்பது, சின்னவளுக்கு நான்கு. சின்னவளுக்கு வலிப்பு உண்டு. காலையும் மாலையும் அரை மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் குழந்தையை யாராலும் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். அவர்கள் அறையில் மழைக்கு ஒழுகும் என்பதால் மாத்திரை அட்டை மதாமின் பிஸ்கட் டப்பாவில் இருந்தது. விடிந்ததும் குழந்தை அந்த டப்பாவுக்கு முன்னால் வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். காலி வயிறாக இருந்தால் மதாம் முதலில் ஒரு வாழைப்பழத்தை ஊட்டுவார்.

பாரிஸிலிருந்து கடிதம் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, படித்துச் சொன்னவளே நான்தான். சைகோன் அலுவலகத்தை மூடுகிறோம், இந்த மாதக் கடைசியோடு எங்கள் அனுமதி முடிகிறது, இனி நீங்கள் உங்கள் காலில் நில்லுங்கள், தனி நிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார்கள். மதாம் ஒருமுறை சிரித்தார். இருபது வருஷமாக எவனாவது ஒருவன் பேரில்தான் எல்லாம் செய்தேன், இப்போது நம்ம பேரில் செய்யலாம் என்றார். அப்புறம் காப்பிக் குவளையை எடுத்து, குடிக்காமலே கடிதத்தின் மேல் வைத்தார்.

பதிவு செய்வதில் ஒரு சிக்கல். புது நிறுவனத்துக்கு அனுமதி தரும் முன்னால் இரண்டு அதிகாரிகள் வந்து வீட்டைப் பார்வையிடுவார்கள். அனுமதியே கிடைக்காத நிறுவனத்தின் வீட்டில் ஆட்கள் எப்படித் தங்கியிருக்க முடியும்? தங்கியிருந்தால் அது குற்றம்; விண்ணப்பம் தள்ளுபடியாகும், வீடு பூட்டப்படும். நல்ல மனுஷனான வட்டாரப் போலீஸ்காரர் ஒருவர் மதாமிடம் இதை ரகசியமாகச் சொல்லி, அவர்கள் வந்து போய்ப் பத்திரம் கையில் வரும்வரை ஒரு பத்து நாள் வீட்டைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மதாம் ஓடி ஓடி ஏற்பாடு செய்தார். மூன்று குடும்பங்களுக்கு உறவினர் வீடு. மீதி மூன்றுக்கு, பெரிய விடுமுறையில் காலியாகக் கிடந்த கன்னியர் பள்ளிக்கூடம் ஒன்றின் ஹால். திங்கட்கிழமை அவர் முத்திரை வாங்க அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருந்ததால், குடும்பங்களிடம் சொல்லுகிற வேலை என் தலையில் விழுந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று அவரே வாக்கியம் வாக்கியமாக வியட்நாமியில் சொல்லிக்கொடுத்தார். நானும் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்துகொண்டேன்.

அதையே சீட்டக்காவிடமும் சொன்னேன். பத்து நாள்தான். பத்து நாளைக்கு வேண்டிய அரிசியும் துணியும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போங்கள், பிறகு திரும்பி வந்துவிடலாம். இன்றைக்குச் சாயங்காலத்துக்கு இந்த அரை மாத்திரையை வைத்துக்கொள்ளுங்கள், புது மாத்திரை அட்டை சாயங்காலம் வரும், நாளைக் காலையில் நானே கொண்டுவந்து தருகிறேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பணிவாக, "சரிங்க சீ" என்றாள். அந்த ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்புறம்தான் எழுந்துபோய் ஆணிகளைப் பிடுங்கினாள். பெரியவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டாள், சின்னவள் அம்மாவின் இடுப்பில். சந்து முனை வரை போய்க் கையசைத்தேன். மூவரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மாத்திரையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஹாலில் இரண்டு குடும்பங்கள் பாய் விரித்து, அடுப்பு மூட்டி, சாவகாசமாக இருந்தார்கள். அவர்கள் கழிமுகப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சமீபத்தில் வந்த இளசுகள். சீட்டக்கா எங்கே என்று கேட்டேன். வரவே இல்லையே என்றார்கள். கதவருகே இருந்த கன்னியாஸ்திரீயும் அதையே சொன்னார். மாத்திரை அட்டை கைப்பையில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலத்துக்குக் கொடுத்துவிட்ட அரை மாத்திரைதான் கடைசி வேளை என்று கணக்குப் போட்டதும் தெருவுக்கு ஓடினேன்.

சே ஓம் ஓட்டுகிற ஆள் ஒருவரைப் பிடித்துப் பின்னால் உட்கார்ந்தேன். வாடகை மோட்டார் சைக்கிளுக்கு அதுதான் பெயர்; அதுவரை நான் அதில் ஏறினதே இல்லை. கால்வாய்ப் பாலங்கள், பஸ் நிலையம், சந்தைக்குப் பின்புறம், அவள் சீட்டு விற்கும் காப்பிக் கடைகள் எல்லாம் போனேன். விற்காத சீட்டைக் குலுக்கலுக்கு முன்னால் மத்தியானமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் ஏஜெண்டிடமாவது வருவாள் என்று இரண்டு மணி வரை அங்கே காத்திருந்தேன். வரவில்லை. தெருவில் இருப்பவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. கறுப்பாக, வெளிநாட்டுக்காரியாக, பதறிக்கொண்டு ஒருத்தி வந்து ஒரு பெண்ணைத் தேடுகிறாள் என்றால் யார்தான் சொல்லுவார்கள்? பாலத்தடியில் ஒரு கிழவர் மட்டும், அவள் உனக்கு என்ன கெடுதல் செய்தாள் என்று கேட்டார். நடைபாதையில் எந்தக் குழந்தை படுத்திருந்தாலும் இறங்கிப் போய் அதற்கு மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தேன். உள்ளூர்ப் பெண்கள் அங்கே கல்சுவரில் முகத்தை ஒட்டிவைத்து வேண்டுதலைச் சொல்லுவார்கள். இதென்ன வழக்கம் என்று எப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு நானும் முகத்தை ஒட்டிக்கொண்டு, அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

புதன்கிழமையும் மதாமும் நானும் ஆளுக்கொரு பக்கமாகத் தேடினோம். இருட்டுகிற நேரத்தில் காலி வீட்டுக்குள் வந்து நின்றபோது அவர் கேட்டார், அவளிடம் என்ன சொன்னாய், ஒரு வார்த்தை விடாமல் சொல் என்று. நான் மனப்பாடத்தை ஒப்பித்தேன். பத்து நாள்தான், பத்து நாளைக்கு வேண்டிய அரிசியும் துணியும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். சொல்லி முடிக்கும்முன் மதாம் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தேன், குடிக்கவில்லை.

அவருக்கு ஒரு அண்ணன் இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பழைய அரசின் ராணுவத்தில் சின்ன அதிகாரி. சைகோன் விழுந்த சில வாரங்களில் அறிவிப்பு வந்ததாம்: பத்து நாளைக்கு வேண்டிய சாப்பாட்டுச் செலவும் துணியும் எடுத்துக்கொண்டு இன்ன பள்ளிக்கூடத்தில் வந்து ஆஜராக வேண்டும், பாடம் படித்துவிட்டுத் திரும்பிவிடலாம். மதாமே பையைக் கட்டிக்கொடுத்து, அரிசியையும் அளந்து போட்டு, பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார். அங்கிருந்து முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட அண்ணன் திரும்பி வர ஆறு வருஷம் ஆனது. வந்த பிறகும் அதிக நாள் இருக்கவில்லை. எத்தனையோ வீட்டு ஆண்கள் அப்படிப் போனவர்கள்; திரும்பாதவர்களும் உண்டு. இதைச் சொல்லிவிட்டு மதாம் தன் வாயின் மேல் தானே அடித்துக்கொண்டார்.

"அதே வார்த்தைங்க. அரிசி, துணி, பள்ளிக்கொடம், பத்து நாளு. போலீஸ்காரரு பத்துன்னாரு, நானும் பத்துன்னுட்டேன். என் வாயால ஒனக்குச் சொல்லிக் குடுத்தேனே தங்கச்சி. எனக்கு எப்புடித் தோணாமப் போச்சு?"

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அதிகாரிகள் வருவதாக இருந்தது. பொறுப்பாளர் நேரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் கட்டின் அடிக்குப் போய்விடும், அடுத்த முறை எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதுவரை ஆறு குடும்பங்களும் எங்கே போவார்கள்? விடிந்ததும் மதாம் மாத்திரை அட்டையை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார். நான் வழியை மறித்தேன். நீங்கள் வீட்டில் இருங்கள், நான் தேடுகிறேன் என்று கெஞ்சினேன். எனக்கு இரண்டு பயம். குழந்தையைப் பற்றிய பயம் ஒன்று. அதிகாரிகளுக்கு முன்னால் தனியாக நிற்க வேண்டுமே என்ற பயம் இன்னொன்று. இரண்டாவது பயம் முதலாவதைவிடச் சின்னதாக இருந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அது பொய்.

"ஒன்னைப் பாத்தா அவ ஓடிருவா. அந்த வார்த்தையச் சொன்ன மொகம் ஒன்னுது," என்றார் மதாம். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

எங்கே தேடப்போகிறீர்கள் என்று கேட்டேன். அவள் ஓடினது நம்மிடமிருந்து, குழந்தையின் வியாதியிடமிருந்து இல்லையே என்றார். வலிப்பு வந்திருந்தால் மாத்திரை தேடுவாள். குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குள் போனால் பெயர், முகவரி கேட்பார்கள் என்று பயப்படுவாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற மருந்துக்கடைகளில்தான் சுற்றுவாள். அவ்வளவுதான், போய்விட்டார். அந்தக் கடைகளுக்கு எதிரே ஒரு காப்பித் தள்ளுவண்டியின் குட்டி நாற்காலியில் காலை ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னார்.

இரண்டு மணிக்குச் சரியாக அதிகாரிகள் வந்தார்கள். ஒரு ஆண், ஒரு பெண். மரியாதையான மனிதர்கள்தான், குரலைக்கூட உயர்த்தவில்லை. பொறுப்பாளர் எங்கே என்றார்கள். சொந்தக்காரக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்றேன். அறை அறையாகப் பார்த்தார்கள். நான் அன்றைக்குக் காலையில் முழங்கால் தேயத் துடைத்த தரை. மூன்றாம் மாடியில் சீட்டக்காவின் அறைக்கு வந்ததும் அந்தப் பெண் அதிகாரி சுவரிலிருந்த துளையில் விரலை வைத்தார். இங்கே யாராவது தங்கியிருக்கிறார்களா என்று கேட்டார். இருந்தார்கள், போய்விட்டார்கள் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். அப்போது கீழே டெலிபோன் அடித்தது.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மதாம்தான். பின்னால் தெருவின் ஹாரன் சத்தம். "கெடைச்சுட்டாங்க" என்றார். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "மூச்சு இருக்கு" என்றுவிட்டு வைத்துவிட்டார். அதிகாரிகள் இருவரும் மாடிப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்த ஆண் அதிகாரி கோப்பை மூடி, அவரை நாளைக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், முதலில் குழந்தையைப் பாருங்கள் என்றார். அந்த மனிதரை நான் பிறகு பார்த்ததே இல்லை. ஆனால் பல தடவை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சின்னவளுக்குப் புதன் இரவிலிருந்தே வலிப்பு விட்டு விட்டு வந்திருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் எந்தக் கடைக்காரரும் மாத்திரை தரவில்லை. ஆஸ்பத்திரி கேட் வரை மூன்று முறை போய் மூன்று முறையும் திரும்பியிருக்கிறாள் தாய். மதாம் பார்த்தபோது நடைபாதையில் தாயின் மடியில், பெரியவள் தொப்பியால் நிழல் பிடிக்க, குழந்தை கண் செருகிக் கிடந்ததாம். மதாம் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, முகவரி கேட்ட இடத்தில் தன் வீட்டு முகவரியையும் உறவு கேட்ட இடத்தில் பெரியம்மா என்றும் எழுதினார். ஊசி போட்டு, இரண்டு நாள் தூங்கவைத்து, ஒருவழியாகக் கண்ணைத் திறக்கவைத்தார்கள். கண் திறந்தாள், ஆனால் வலது கை எழும்பவில்லை. போகப்போகச் சரியாகும் என்றார் டாக்டர். பாதிதான் சரியானது.

பத்தாம் நாள் அனுமதிப் பத்திரம் வந்தது. எங்கள் வீடு இனி யாருடைய கிளையும் இல்லை, சொந்தப் பெயரில் தனி நிறுவனம். அதோடு வந்த பார்வையிட்ட குறிப்பில், வீட்டில் எவரும் வசிக்கவில்லை என்று எழுதியிருந்தது. மதாம் அதை இரண்டு தடவை படித்தார். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், அன்றைக்கு இங்கே ஒருவரும் இல்லைதான் என்றார். மறுநாள் மற்ற ஐந்து குடும்பங்களும் சட்டி பானையோடு திரும்பி வந்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலோரம் நின்று, வாருங்கள், வீடு திறந்தாயிற்று என்றேன். சீட்டக்கா குழந்தையின் கையைத் தேய்த்துவிட்டபடியே, இன்றைக்குப் பதினோராவது நாள் இல்லையா என்று கேட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமல் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அப்பாவைப் பள்ளிக்கூடத்து வாசல்ல விட்டப்ப எனக்கு ஆறு வயசு. பதினோராவது நாள் அம்மா எனக்குப் புதுச்சட்டை போட்டு, அதே வாசல்ல கூட்டிட்டுப் போய் நிறுத்தினாங்க. சாயங்காலம் வரைக்கும் நின்னோம். என் பொண்ணுங்க எந்த வாசல்லயும் அப்படி நிக்க வேண்டாம்னு நெனைச்சேன், சீ."

மன்னித்துவிடு என்று சொன்னேன். எதற்கு என்பதுபோலப் பார்த்தாள். அவளைப் பொறுத்தவரை நான் ஒரு தப்பும் செய்யவில்லை; அறிவிப்பைக் கொண்டுவருகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள், நான் அவர்களில் ஒருத்தி. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அவர்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். வாசலில் புதுப் பெயர்ப் பலகை. மதாம் புது நிறுவனத்தின் விதிகளை எழுதும்போது முதல் விதியாக, எந்தக் குடும்பத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒரு நாளைக்குக்கூட வெளியே இருக்கச் சொல்லக் கூடாது என்று எழுதினார். இப்படியெல்லாம் விதி இருக்குமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். இருக்கும், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். ஆனாலும் சீட்டக்கா மூட்டையைப் பிரிக்கவே இல்லை. வேண்டியதை எடுப்பாள், திரும்பக் கட்டி வைப்பாள். கொசுவலையின் மூலைகளைக் கயிற்றில் கட்டிக்கொண்டாள். ஒருநாள் மனசு பொறுக்காமல் நான் அந்தப் பத்திரத்தையே எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். இதோ பாருங்கள், இப்போது நமக்கென்று சொந்தமாகப் பத்திரம் இருக்கிறது, பாரிஸ்காரன் சொன்னாலும் சரி, எவன் சொன்னாலும் சரி, இனி உங்களை யாரும் போகச் சொல்ல முடியாது என்று மூச்சு விடாமல் பேசினேன். முத்திரையை எல்லாம் தொட்டுக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கிண்டல் ஒன்றும் இல்லாமல், நிஜமாகவே எனக்குப் புரியவைக்கிற மாதிரி சொன்னாள்.

"அந்தப் பேப்பர் உங்ககிட்டதானே இருக்கு, சீ."

மதாம் படியில் நின்று கேட்டிருக்கிறார். மறுநாளே வட்டார அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தார், சீட்டக்கா பெயரிலும் இரண்டு பெண்கள் பெயரிலும் குடும்பப் பதிவுப் புத்தகம் வாங்க. பிறப்புச் சான்று எந்த ஊரில், அப்பா பெயர் என்ன, அவர் எங்கே, பழைய புத்தகத்திலிருந்து எப்போது நீக்கினார்கள் என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அலுவலகம், ஒவ்வொரு அலுவலகத்துக்கும் மூன்று மாதம். கதை கேட்பதில்லை என்றிருந்தவர் இப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாக் கதையையும் கேட்டு எழுதினார். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் சீட்டக்காவுக்கு பின் யுவோங்கில் வேலை கிடைத்து, பிள்ளைகளோடு போய்விட்டாள். முறையாகச் சொல்லிக்கொண்டு, தொழிலாளர் விடுதியின் முகவரியையும் கொடுத்துவிட்டுத்தான் போனாள். புத்தகம் கைக்கு வந்தபோது நாங்கள் இருவரும் அந்த முகவரிக்குப் போனோம். காலி செய்துவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள் என்றார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் மதாம் பஸ் ஏறி அந்தப் பக்கத்து விடுதி வரிசைகளில் கதவு கதவாக விசாரித்தார். வலது கை சரியாக வராத ஒரு பெண் குழந்தை, வலது கை சரியாக வராத ஒரு பெண் குழந்தை என்று கேட்டுக்கொண்டே நடப்பார். அந்தப் பக்கம் நாள்தோறும் ஆயிரம் பேர் வந்து போகிற இடம். கிடைக்கவில்லை.

மதாம் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. அந்த வீடு இப்போதும் நடக்கிறது, இன்னொரு வீடும் சேர்ந்திருக்கிறது. யாரையும் சாராமல் இவ்வளவு காலம் நிற்கிறோம் என்று வருகிறவர்கள் எல்லாம் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். பாராட்டும்போது நானும் கூட்டத்தோடு நின்று சிரிக்கிறேன். அனுமதிப் பத்திரம், விதிகள் எல்லாம் இருக்கிற அலுவலக இழுப்பறையின் சாவி என்னிடம் இருக்கிறது. அதைத் திறக்க வேண்டி வரும்போதெல்லாம் பயம் வந்துவிடுகிறது. சின்னவளுக்கு இப்போது முப்பது வயதை ஒட்டியிருக்கும், இருந்தால். இழுப்பறையின் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் சீட்டக்காவின் புத்தகம். முதல் பக்கத்தில் அவள் பெயர், கீழே இரண்டு பெண்களின் பெயர், எங்கள் வீட்டு முகவரி, வட்டாரத்தின் சிவப்பு முத்திரை. எல்லாம் சரியாக இருக்கிறது. அந்தப் பேப்பரும் எங்களிடம்தான் இருக்கிறது.